சிரட்டைக்கரி, வெள்ளித்தாள், கடல்தண்ணி: அயனைக் கொண்டு மணிக்கூடு ஓட்டுவது எப்படி

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த நாட்களில்தான் பக்கத்து வீட்டுப் பொடியன் கைபேசியைத் தூக்கிக்கொண்டு எங்கள் மட்டக்களப்புக் கல்லடி வீட்டு முற்றத்துக்கு வந்தான். ஒரு வீடியோ. கண்ணாடிக் கோப்பையில் உப்புத்தண்ணி, அதற்குள் இரண்டு கரண்டி, கரண்டியில் வயர், வயர் நுனியில் 9 வாற் குமிழ் பளிச்சென்று எரிகிறது.

"மாமி, கடல் இந்தா கிடக்கு. நாம ஏன் இருட்டுக்குள்ள கிடக்கணும்?"

நான் ஒரு பாடசாலையின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் 21 வருடம் உதவியாளராக இருந்தவள். பாடம் சொல்லிக் கொடுப்பது ஆசிரியர்கள். போத்தல் கழுவுவது, கரைசல் கலப்பது, பச்சை பிடித்த முதலைக் கிளிப்பைச் சுரண்டுவது, பரிசோதனை வேலை செய்யாத நேரம் எல்லாருடைய முறைப்பையும் வாங்கிக்கொள்வது, இதெல்லாம் என் பங்கு. அதனால் அந்த வீடியோவைப் பார்த்ததும் என் கண் குமிழுக்குப் போகவில்லை, கரண்டிக்குத்தான் போனது. இரண்டு கரண்டியும் ஒரே மாதிரி, ஒரே உலோகம். ஒரே தண்ணிக்குள் ஒரே உலோகத்தை இரண்டு பக்கம் வைத்தால் யார் யாருக்கு இலத்திரன் கொடுப்பது? மேசைக்குக் கீழே எங்கோ ஒரு பற்றரி இருந்திருக்கும்.

அவன் முகம் சுருங்கிப் போய்விட்டது. சரி, பொய்யை உடைத்தால் போதுமா, மெய்யைக் காட்டவேண்டாமா என்று அன்றைக்கே அடுப்படியில் தொடங்கினோம். இரண்டு கிழமையில் சுவர் மணிக்கூடு கடல்தண்ணிக் கோப்பையில் ஓடியது. நாங்கள் செய்ததையும், செய்து கெடுத்ததையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விசயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கோப்பையில் எரிகிற விறகு உப்புத்தண்ணி இல்லை. விறகு உலோகம்தான், அது கரைந்து போகிறது, நாம் கரண்டை எடுக்கிறோம். தண்ணியில் இருக்கிற அயன்கள், அதாவது மின்னேற்றம் கொண்ட துணிக்கைகள், அதற்கு வழிவிடுகின்றன, அவ்வளவுதான். தண்ணியே கரண்ட் தரவேண்டும் என்றால் அதற்கு ஒரு தண்ணி போதாது, இரண்டு தண்ணி வேண்டும். அந்தக் கதை பின்னால் வரும்.

பாதையும் றோட்டும்

குருமன்வெளியில் நிற்கிறவர் மண்டூருக்குப் போக இரண்டு வழி உண்டு. வாவியைக் கடக்கிற பாதையில் ஏறலாம். (வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன், நம்மிடம் அந்த இடத்தில் 'பாதை' என்றால் ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிப் போகிற மிதவை.) இல்லையென்றால் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி றோட்டால் போகலாம். கலத்துக்குள்ளும் (கரண்ட் தருகிற கோப்பையைத்தான் கலம் என்கிறேன்) இதே ஏற்பாடுதான். இலத்திரனுக்குத் தண்ணி ஒத்துவராது, வயரால் சுற்றித்தான் போகும். அயனுக்கு வயர் ஒத்துவராது, தண்ணியால்தான் போகும். இரண்டு போக்குவரத்தும் ஒரே நேரத்தில் நடக்கவேண்டும். பாதை நின்றால் றோட்டும் நின்றுவிடும், ஏனென்றால் ஒரு பக்கம் நேரேற்றமும் மறுபக்கம் மறையேற்றமும் குவிந்துபோய் அடுத்த இலத்திரனை நகரவிடாது.

'அயன்' என்ற சொல்லை 1834 இல் மைக்கல் பரடே புழக்கத்துக்கு விட்டார். கிரேக்கத்தில் 'போகிறது' என்று பொருள். எங்கள் பிள்ளைகளுக்கு அயன் என்றால் உடுப்புத் தேய்க்கிற பெட்டி. ஒவ்வொரு வருடமும் தரம் 10 இல் ஒருத்தராவது அந்தப் பகிடியை விடாமல் இருந்ததில்லை. உப்பு தண்ணியில் கரைந்தவுடனேயே, கரண்ட் விடாமலேயே, சோடியம் அயனாகவும் குளோரைட்டு அயனாகவும் பிரிந்து நிற்கிறது என்று 1884 இல் சுவீடன்காரர் அரேனியஸ் தன் ஆய்வேட்டில் எழுதியபோது, பரீட்சகர்கள் அவருக்குக் குறைந்த தரம்தான் போட்டார்கள். 1903 இல் அதே விசயத்துக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கடல்தண்ணியில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். கடல் தூரமாக இருக்கிற, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பிள்ளைகள் ஒரு லீற்றர் தண்ணியில் மேசைக்கரண்டியால் மட்டமாக இரண்டு கரண்டி உப்புப் போட்டால் கிட்டத்தட்ட அதே தண்ணிதான். வாவித் தண்ணியை நம்பவேண்டாம். கோடையில் சவர்க்கும், மாரியில் வெள்ளம் இறங்கினால் நாக்கில் வைத்தாலும் உப்புத் தெரியாது. மார்கழியில் கல்லடிப் பாலத்தடியில் ஒரு போத்தல் அள்ளிவந்து பார்த்தேன், கடல்தண்ணியில் கிடைத்த கரண்டில் பாதிகூட வரவில்லை.

சீனி போட்டால் வராதா என்று ஒருத்தர் கேட்பார். வராது. சீனி கரையும், ஆனால் அயனாகப் பிரியாது. வயலுக்குப் போடுகிற யூரியாவும் அப்படித்தான், கரைந்து முழு மூலக்கூறாகவே நிற்கும். கரைகிறதெல்லாம் அயன் ஆகாது என்பதைக் காட்ட இதைவிட மலிவான பரிசோதனை இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறெல்லாம் சவராகிக் கிடந்த நேரம், ஒரு சின்னக் கருவியைக் கிணற்றுக்குள் விட்டு இலக்கம் எழுதிக்கொண்டு போனார்களே, அந்தக் கருவி அளந்ததும் இதைத்தான்: தண்ணி எவ்வளவு கரண்டைக் கடத்துகிறது, அதைக் கொண்டு எவ்வளவு உப்பு.

கரி பொறுக்குவது

சாமான் பெரிதாக ஒன்றுமில்லை. கழுவிய யோகட் கோப்பை, கேக்கும் கோழியும் சுற்றுகிற அலுமினியத்தாள், பழைய சாரத்துணி ஒரு துண்டு, சிரட்டைக்கரி, செத்துப்போன மலிவு ரோச் பற்றரியில் இருந்து எடுத்த காபன் கோல், வயர், முதலைக் கிளிப், ஒரு மல்ரிமீற்றர், 100 ஓம் தடை ஒன்று. தடையின் நிறக் கோடுகள் கபிலம், கறுப்பு, கபிலம் என்று இருக்கும்.

இதில் எல்லாரையும் விழுத்துவது கரி. எங்களையும் விழுத்தியது. முதல் நாள் அடுப்பில் இருந்து அள்ளிய கரியைப் போட்டோம், மீற்றர் 0.65 வோல்ற் காட்டியது, பொடியன் துள்ளினான். மணிக்கூட்டில் மாட்டினால் முள் அசையவே இல்லை. அடுப்புக்கரி கறுப்பாக இருக்கும், கரண்டைக் கடத்தாது. சிரட்டை குறைந்த சூட்டில் கருகினால் காபன் அணுக்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாமல் துண்டுதுண்டாகவே கிடக்கும். செந்தணலாகும் மட்டும் சூடேறி, அந்தச் சூட்டிலேயே கிடந்தால்தான் அவை தாள்தாளாகப் பிணைந்து இலத்திரனுக்கு வழி திறக்கும்.

ஆகவே கரியைப் போடுமுன் மீற்றரை ஓம் பக்கம் திருப்பி, இரண்டு முனையையும் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் ஒவ்வொரு துண்டிலும் அழுத்திப் பாருங்கள். அடுப்புக்கரி ஆயிரக்கணக்கில் காட்டும், இல்லையென்றால் ஒன்றும் காட்டாது. 100 ஓமுக்குக் கீழே வருகிற துண்டை மட்டும் எடுத்து வையுங்கள். மீற்றர் இல்லாதவர் காதால் பார்க்கலாம்: சீமெந்துத் தரையில் போட்டால் நல்ல கரி கண்ணாடித் துண்டு மாதிரிக் 'கிண்' என்று கேட்கும், அரைகுறைக் கரி மரத்துண்டு மாதிரி 'டொக்' என்று விழும்.

நல்ல கரி செய்ய, காய்ந்த சிரட்டைத் துண்டுகளை பால்மா ரின்னில் நிரப்பி, மூடியில் ஆணியால் ஒரேயொரு துளை போட்டு, வெளியில் மூட்டிய தீக்குள் வையுங்கள். முதலில் துளையால் தடித்த வெள்ளைப் புகை வரும், அப்புறம் அந்தப் புகையிலேயே தீப்பிடித்து ஒரு சின்ன நாக்கு எரியும். அது அணைந்த பிறகு எல்லாரும் ரின்னை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கவேண்டாம். ரின் செந்நிறமாகத் தெரிகிற சூட்டில் இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கட்டும். பிறகு தீயை இழுத்துவிட்டு, ரின் கைபொறுக்கிற மட்டும் ஆறும்வரை மூடியைத் திறக்கக்கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு உள்ளே இருப்பது சாம்பலாகிவிடும். எனக்கு முதல் ரின் முழுக்கச் சாம்பல்தான். இந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்றால் மீன்தொட்டிக் கடையில் விற்கிற செயற்படுத்திய கரியை வாங்குங்கள். அதுவும் பெரும்பாலும் சிரட்டையில் இருந்து செய்ததுதான், வேலையும் இன்னும் நன்றாகச் செய்யும்.

கரியைத் துணியில் முடிந்து கல்லால் தட்டி, அரிசிக் குருணல் அளவுக்கு உடையுங்கள். அம்மியில் வைக்கவேண்டாம். அதற்கு நான் வாங்கின பேச்சு போதும்.

காபன் கோல் எடுக்கிற பற்றரியில் 'அல்கலைன்' என்று எழுதியிருந்தால் தொடவேண்டாம், உள்ளே கையை அரிக்கிற காரம் இருக்கும். லிதியம் பற்றரியைப் பற்றிக் கனவிலும் நினைக்காதீர்கள். சாதாரண மலிவுப் பற்றரியைப் பிரித்துக் கோலை எடுத்தால் அதில் கறுப்புப் பசை ஒட்டியிருக்கும். அது மங்கனீசீரொட்சைட்டு. அதைக் கழுவி, அரத்தாளால் தேய்த்து எடுக்காவிட்டால் பழைய பற்றரியின் மிச்சமே வோல்ற் கொடுத்து உங்களை ஏமாற்றும். பாடசாலைக் கண்காட்சியில் ஒரு குழு 1.3 வோல்ற் என்று மார்தட்டிக்கொண்டு நின்றது இந்தப் பசையின் தயவில்தான்.

கோப்பை கட்டுவது

அலுமினியத்தாளை மூன்றாக மடித்துக் கோப்பையின் உட்சுவரைச் சுற்றி ஒட்ட வையுங்கள். கிளிப் பிடிக்க ஒரு நாக்கு வெளியே நிற்கட்டும். அதன் மேல் கடல்தண்ணியில் நனைத்த சாரத்துணி, அடியையும் மூடி. துணியில் எங்கும் கிழிசல் இருக்கக்கூடாது, ஒரு கரித்துண்டு தாளைத் தொட்டாலும் கலத்துக்குள்ளேயே குறுஞ்சுற்று ஆகிவிடும். துணிக்குள் கரியைக் கொட்டி, நடுவில் கோலைச் செருகி, சுற்றிவரக் கரண்டிக் காம்பால் நன்றாக இடியுங்கள். துண்டுக்குத் துண்டு இறுகினால்தான் கரண்ட் போகும்.

இப்போது தண்ணி. இந்த இடத்தில்தான் பொடியன் கோப்பை விளிம்பு மட்டும் ஊற்றினான். கரி மூழ்கக்கூடாது. ஈரம் கசிந்து, மேல் கரி பளபளவென்று இருந்தால் போதும். காரணம் இதுதான்: அலுமினியம் இலத்திரனை விட்டுவிட்டு அயனாகத் தண்ணிக்குள் இறங்குகிறது. அந்த இலத்திரன் வயரால் சுற்றிக் கரிக்கு வருகிறது. அங்கே அதை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். வாங்குவது காற்றில் இருக்கிற ஒட்சிசன். தண்ணியோடு சேர்ந்து ஐதரொட்சைட்டு அயனாக மாறும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன், தண்ணியிலோ லீற்றருக்கு வெறும் 8 மில்லிகிராம் அளவில்தான் கரைந்திருக்கும். கரியை மூழ்கடித்தால் அதற்கு மூச்சு முட்டும். கரண்ட் தொடங்கி ஒரு நிமிடத்தில் படுத்துவிடும்.

அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒட்சைட்டுத் தோல் ஒன்று இருக்கும். அதனால்தான் சட்டி கரையாமல் நிற்கிறது. உப்பில் இருக்கிற குளோரைட்டு அயன் அந்தத் தோலைத் துளைத்துக்கொண்டு போகும். நாலைந்து நாள் ஓடிய தாளை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள், அரிதட்டு மாதிரி ஊசித்துளைகள் தெரியும். துணியில் ஒட்டியிருக்கிற வெள்ளைக் களி அலுமினியம் ஐதரொட்சைட்டு, செலவான விறகின் சாம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வோல்ற்றை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

தாள்தான் மறைமுனை, கோல் நேர்முனை. எங்கள் நல்ல கோப்பை 0.7 வோல்ற் காட்டியது. அடுப்புக்கரிக் கோப்பையும் 0.65 காட்டியதே? அதுதான் விசயம். மீற்றர் வோல்ற் பார்க்கிறபோது கரண்ட் கிட்டத்தட்ட எடுப்பதேயில்லை, ஆகவே வழி எவ்வளவு இடுக்காக இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. முனைகளுக்கிடையில் அந்த 100 ஓம் தடையைப் போட்டுவிட்டு மறுபடி வோல்ற்றைப் பாருங்கள். நல்ல கோப்பை 0.6 இல் நின்றது, அதாவது 6 மில்லிஅம்பியர் ஓடுகிறது. அடுப்புக்கரிக் கோப்பை 0.05 க்கு விழுந்துவிட்டது. பிள்ளைகள் செய்முறைக் கொப்பியில் வெறும் வோல்ற்றை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் எனக்குப் பொறுக்காது. தடையோடு என்ன காட்டியது என்று கேட்பேன்.

மணிக்கூட்டுக்கு இரண்டு கோப்பை போதும். ஒன்றின் கோலை மற்றதின் தாளோடு தொடுத்து, மிஞ்சின தாளை மணிக்கூட்டின் சுருள் கம்பிப் பக்கமும் மிஞ்சின கோலை மற்றப் பக்கமும் கிளிப் போடுங்கள். பென்ரோச் பற்றரி ஒன்று போடுகிற சாதாரண மணிக்கூடு மிகக் கொஞ்சக் கரண்டில் ஓடும், அதனால்தான் ஒரு பற்றரி வருடக்கணக்கில் வருகிறது. சிவப்பு எல்.ஈ.டி எரிய 1.8 வோல்ற் அளவு வேண்டும், அதற்கு நாலு கோப்பை. வெள்ளைக்கு 3 வோல்ற் கிட்ட வேண்டும். ஆறு கோப்பை கட்டினால் மங்கலாக எரியும், படிக்க உதவாது.

எங்கள் மணிக்கூடு 11 நாள் ஓடியது. இடையில் ஒரு பிழை விட்டேன். ஒவ்வொரு பின்னேரமும் கோப்பை காய்கிறதே என்று ஒரு தேக்கரண்டி கடல்தண்ணி விட்டுக்கொண்டு வந்தேன். காற்றில் போவது தண்ணி மட்டும்தான், உப்பு போகாது. நாலாம் நாள் உப்பு பொருக்குக் கட்டி, துணியால் ஏறி, கோப்பை விளிம்பைத் தாண்டி கிளிப்பைப் பிடித்துவிட்டது. காலையில் பார்த்தால் கிளிப் முழுக்கத் துருவும் பச்சையும். பிறகு வெறும் கிணற்றுத் தண்ணி விட்டேன், சரியாகிவிட்டது. மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைப் பொடியன் காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போவான், முள்ளைப் பார்த்தால் நம்பிக்கை வராதாம்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். எங்கள் கோப்பையில் இருந்து நெருக்கிப் பிழிந்தால் 7 மில்லிவாற். அந்த வீடியோவில் எரிந்த 9 வாற் குமிழுக்கு ஏறத்தாழ 1300 யோகட் கோப்பை வேண்டும். யோகட் தின்கிற வேலையே ஒரு வருடத்துக்குப் போதும். ஒரு கிராம் அலுமினியம் முழுதாகக் கரைந்தால் கணக்குப்படி கிட்டத்தட்ட 3 அம்பியர்மணி தரவேண்டும், நல்ல பென்ரோச் பற்றரி ஒன்றைவிடக் கூட. ஆனால் நாம் கரண்ட் எடுக்காத நேரத்திலும் உப்பு தாளைத் தின்றுகொண்டே இருக்கும், பாதிக்கணக்கு அப்படியே போய்விடும். இனி, ஒரு கிலோ அலுமினியத்தை மண்ணில் இருந்து பிரித்தெடுக்க ஆலையில் 14 யூனிற் அளவு கரண்ட் செலவழிந்திருக்கும். 'உப்புத்தண்ணி லாம்பு' என்று விற்கிறார்களே, அதற்குள்ளும் மக்னீசியத் தகடு ஒன்று இருக்கும். தகடு கரைந்ததும் புதுத் தகடு வாங்கவேண்டும். அவசரத்துக்கு வள்ளத்தில் வைத்திருக்க நல்ல சாமான்தான், ஆனால் விற்கிறவர் தண்ணியைக் காட்டி உலோகத்தை விற்கிறார்.

இரண்டு தண்ணி

இதையெல்லாம் கேட்ட பொடியன் விடவில்லை. "அப்ப தண்ணியில ஒண்டுமே இல்லையா மாமி?" என்றான். இருக்கிறது மனே, ஆனால் வேறு மாதிரி.

ஒரு பக்கம் அயன் நெருக்கமாகவும் மறுபக்கம் ஐதாகவும் இருந்தால், நெருக்கத்தில் இருக்கிறது ஐதான பக்கம் போகப் பார்க்கும். அந்தப் போக்கை மறித்து வேலை வாங்கினால் கரண்ட். இதை வீட்டில் கடல்தண்ணியும் கிணற்றுத் தண்ணியும் வைத்துக் காட்ட முடியாது, நேரயனை ஒரு பக்கமும் மறையயனை மறுபக்கமும் மட்டும் விடுகிற விசேட மென்சவ்வு வேண்டும். செப்பைக் கொண்டு காட்டலாம்.

மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று) 25 கிராம் நிறுத்து, 100 மில்லிலீற்றர் மழைத்தண்ணியில் கரையுங்கள். கிணற்றுத் தண்ணி என்றால் கலங்கும், நீலத் தூசி அடியில் படியும். இது செறிந்த கோப்பை. ஊசிமருந்துக் குழாயால் அதில் ஒரு மில்லிலீற்றர் எடுத்து இன்னொரு கோப்பையில் விட்டு, மழைத்தண்ணியால் 100 ஆக்குங்கள். இது ஐதான கோப்பை, நீலம் அநேகமாகத் தெரியாது. வீட்டு வயரிங்கில் மிஞ்சின ஒரே செப்புக் கம்பியை இரண்டாக வெட்டி, அரத்தாளால் மினுக்கி, முதலில் இரண்டையும் செறிந்த கோப்பையிலேயே வைத்து மீற்றரைப் பாருங்கள். சைபர் காட்டவேண்டும். ஒன்றிரண்டு மில்லிவோல்ற் பரவாயில்லை. கூடக் காட்டினால் மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

பிறகு ஒரு கம்பியை எடுத்து, நன்றாகக் கழுவித் துடைத்து, ஐதான கோப்பையில் வையுங்கள். கழுவாமல் வைத்தால் ஒட்டிவருகிற ஒரு சொட்டே ஐதான கோப்பையைச் செறிவாக்கிவிடும். இரண்டு கோப்பைக்கும் இடையில், பொட்டாசியம் நைத்திரேற்றுக் கரைசலில் நனைத்த வடிதாள் கீற்று ஒன்றைப் பாலமாகப் போடுங்கள். பாடசாலை ஆய்வுகூடத்தில் கேட்டால் கொஞ்சம் தருவார்கள். மீற்றரை 200 மில்லிவோல்ற் பக்கம் திருப்பினால் 30 மில்லிவோல்ற் அளவில் வந்து நிற்கும். ஐதான பக்கம்தான் மறைமுனை. அங்கே செப்புக் கரைகிறது, செறிந்த பக்கத்தில் செப்புப் படிகிறது, இரண்டு கோப்பையும் சமமாகும் மட்டும்.

உயர்தரப் பிள்ளைகள் செறிவில் இருந்து வோல்ற் கணக்கிடுகிற சமன்பாட்டைப் போட்டுப் பார்த்து, நூறு மடங்கு வித்தியாசத்துக்கு 59 மில்லிவோல்ற் வரவேண்டுமே, அரைவாசிதானே வருகிறது, உங்கள் கரைசல் பிழை என்று என்னோடு சண்டைக்கு வந்திருக்கிறார்கள். கரைசல் பிழையில்லை. செறிந்த கோப்பையில் செப்பு அயனும் சல்பேற்று அயனும் நெருங்கி நின்று ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆள் தொகை ஒரு இலக்கம், வேலைக்கு வருகிற ஆள் இன்னொரு இலக்கம்.

இதே சங்கதிதான் முகத்துவாரத்தில் பெரிய அளவில் நடக்கிறது. ஒரு கனமீற்றர் ஆற்றுத்தண்ணி கடலோடு கலக்கும்போது வீணாகிற சக்தி, அதே தண்ணி 270 மீற்றர் உயரத்தில் இருந்து விழுவதற்குச் சமம். கணக்குப்படி முக்கால் யூனிற் அளவு. மலையில்லாத நம்முடைய மட்டமான மண்ணில் 270 மீற்றர் நீர்வீழ்ச்சி! இது கட்டுக்கதை இல்லை. 1954 இல் பற்றில் என்ற ஆங்கிலேயர் மென்சவ்வுகளை அடுக்கி நல்ல தண்ணியிலும் உப்புத்தண்ணியிலும் இருந்து கரண்ட் எடுத்துக் காட்டினார். நோர்வேயில் 2009 இல் ஸ்ராற்கிராவ்ற் நிறுவனம் தொவ்ற்றே என்ற இடத்தில் ஒரு மாதிரி நிலையம் திறந்தது. சில கிலோவாற் அளவுதான், செலவுக்குக் கட்டாது என்று 2013 இல் கைவிட்டது. நெதர்லாந்தில் 2014 இல் அயன் மென்சவ்வைக் கொண்டு இன்னொன்று தொடங்கினார்கள்.

நம்முடைய வாவி கடலோடு சேருகிற பாலமீன்மடுவில் ஏன் செய்யக்கூடாது என்றால், என் அண்ணனைக் கேளுங்கள், ஆயுள் முழுக்க அந்த வாவியில் இறால் பிடிக்கிறவர். மாரியில் நல்ல தண்ணி கரைபுரண்டு வரும், ஆனால் அதோடு சேறும் சல்வினியா என்ற மிதக்கும் களையும் வரும், மென்சவ்வின் துளை ஒரு நாளில் அடைபடும். கோடையில் தண்ணி தெளியும், ஆனால் அப்போது முகத்துவாரத்தை மணல் மூடிவிடும், வாவியும் சவர்த்துவிடும், இரண்டு தண்ணிக்கும் இடையில் வித்தியாசம் குறைந்துபோகும். கரண்ட் கூரைச் சூரியத் தகட்டில் வருகிற ஊரில் இதற்குக் காசு போடச் சொல்ல எனக்கு வாய் வராது. கண்காட்சிக்குச் செய்து காட்ட வேண்டிய விசயம், அதில் சந்தேகமில்லை.

முடித்த பிறகு

மயில்துத்தக் கரைசலை வாவிக்கோ கானுக்கோ ஊற்றாதீர்கள், கொஞ்சமே மீனைக் கொல்லும். போத்தலில் விட்டு, 'நஞ்சு' என்று எழுதி, பாடசாலைக்குக் கொடுத்துவிடுங்கள், அடுத்த பிள்ளைக்கு உதவும். சோடாப் போத்தலில் வைக்கவே வேண்டாம், நீலமாக இருக்கிறதைக் குடித்துப் பார்க்கிற வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். மயில்துத்தம் தொட்ட கோப்பையைச் சமையலுக்கும் எடுக்காதீர்கள்.

அலுமினியக் கோப்பையில் பயப்பட ஒன்றுமில்லை. துளைவிழுந்த தாளையும் வெள்ளைக் களியையும் குப்பையில் போடலாம். துணி கழுவினால் இன்னொரு தடவை வரும். கரியை நல்ல தண்ணியில் மூன்று தரம் அலசி, வெயிலில் காயவைத்து, அதே பால்மா ரின்னில் போட்டு வையுங்கள். எங்களுடையது மூன்றாம் தடவையும் ஓடியது. கிளிப்பை மட்டும் அன்றைக்கே கழுவி, துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் பூசி வையுங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் நாளைக்குப் புதுக் கிளிப்தான்.